பக்கத்திலிருந்த குட்டித் திருகு

நண்பர்களே,

வெள்ளத்தில் மாட்டித் துருப்பிடித்த தாத்தாவின் ரைபிள் நேற்று ராத்திரி முழுசாகக் கூடிவிட்டது. போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் தண்டை, இழுத்தால் வருகிறது, தள்ளினால் போய் உட்காருகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்க அப்பா அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தார். பத்துப் பதினைந்து தடவை இழுத்துத் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதனால் இதை இப்போதே எழுதுகிறேன்.

வெள்ளத்தைப் பற்றி மறுபடி சொல்லப் போவதில்லை. எல்லோரும் கூடவே இருந்தீர்கள். பீரோவுக்கு அடியிலிருந்து அதை இழுத்தபோது எப்படி இருந்தது என்று பார்த்தவர்களும் உங்களில் உண்டு. "இதைப் போய்ச் சரிபண்ணணுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டதில் தப்பில்லை. நானே கேட்டுக்கொண்ட கேள்விதான்.

எல்லோருக்கும் நன்றி. ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அவர் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். துப்பாக்கி எதையும் அதற்கு முன் கையால் தொட்டதே இல்லை என்றார்.

எங்கள் சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகத்தான் அன்று வந்திருந்தார். நான் திண்ணையில் ரைபிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கையில் ட்ரில்லிங் மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். இது மவுசர் 98 என்ற பழைய ஜெர்மன் ரைபிள் வகை. விசைக்கூட்டுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டு பெரிய திருகுகள்தான் இரும்பையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கும். பின்திருகு வந்துவிட்டது. முன்திருகு வரவில்லை. எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், தட்டினேன். வீட்டிலிருந்த திருப்புளியைப் போட்டு முழு பலத்தோடு முறுக்கியதில் திருகின் வாய் ஒரு பக்கம் பிய்ந்துபோனது. இனி துளைபோட்டு எடுப்பதுதான் வழி என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லாதவன் எடுக்கும் முடிவு அது.

அவர் கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, ஒரு நிமிஷம்" என்றார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"பெரிசைப் போட்டு ஏன் அடிக்கிறீங்க? பக்கத்துல ஒரு குட்டி இருக்கே, அதைப் பார்க்கலையா?"

நான் பார்க்கவில்லை. துருவும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் அப்பி, அங்கே ஒரு திருகு இருப்பதே தெரியவில்லை. ஊசியால் சுரண்டினார். மூக்குக்கண்ணாடித் திருகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பெரிய திருகின் தலை விளிம்பில் பிறை போல ஒரு வெட்டு இருக்கும். குட்டித் திருகின் தலை அந்த வெட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது வரும் அதிர்ச்சியில் பெரிய திருகு தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பூட்டைப் போட்டுவிட்டுக் கதவை இடிப்பது போலத்தான் நான் இரண்டு நாளாகச் செய்துகொண்டிருந்தது.

"வாட்ச்சுலயும் இப்படி உண்டு. ஒண்ணு ஒண்ணைப் பிடிச்சிட்டிருக்கும். சிலது இடப்பக்கம் திரும்பும். முறுக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும்." யாரிடம் கேட்டுக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. திருகிடம்தான் போலிருக்கிறது.

குட்டித் திருகில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். மறுநாள் காலையில் வந்தபோது கையில் இரண்டு திருப்புளிகள், ஒரு சின்ன அரம். நாம் கடையில் வாங்கும் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகு வாயின் மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும், பலம் கொடுத்தால் ஏறி வழுக்கும். முனையின் இரு பக்கமும் ஒரே கனமாக இருந்தால்தான் வாயின் அடிவரை இறங்கி நிற்கும். இது எனக்கு அன்றுதான் தெரியும். அரத்தால் இரண்டு இழுப்பு, திருகில் வைத்துப் பார்ப்பது, லென்ஸ், மறுபடி இரண்டு இழுப்பு. முக்கால் மணி நேரம். கடைசியில் திருப்புளியை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். அது தானாக நேராக நின்றது.

குட்டி திரும்பியது. பிறகு பெரிசும். நான் பிய்த்து வைத்திருந்த வாயோடேயே, ஒரு முனகலோடு திரும்பியது.

பின்திருகின் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு குட்டித் துளை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாரோ முன்னாடியே அவசரப்பட்டிருக்காங்க" என்றார். அப்பாவைப் பார்த்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பெரிய திருகுக்கென்று அரம்போட்ட திருப்புளியையும் விட்டுவிட்டுப் போனார். "இது இனிமே இந்தத் திருகுக்கு மட்டும்தான் ஆகும். எனக்கு எதுக்கு?"

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களைத் தனித்தனியே சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, குழலைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் செந்துரு கறுப்பாக மாறும், அப்புறம் மெல்லிய கம்பிப் பஞ்சால் தடவு என்று சொல்லிக்கொடுத்து, நீளமான தொட்டியையும் கொண்டுவந்து இறக்கியவருக்கு. கட்டையின் பள்ளங்களை ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் வைத்தே எழுப்பிக் காட்டிய தச்சருக்கு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை நான் சுருட்டி மூலையில் போட்டதைப் பார்த்து அலறியவருக்கு. அது தானே சூடேறித் தீப்பிடிக்குமாம், விரித்துத்தான் காயப்போட வேண்டுமாம். வெள்ளத்துக்குத் தப்பிய வீடு அது! உரிமத் தாள்கள் நனைந்து போனதற்கு வரிசையில் எனக்குப் பதிலாக நின்ற அண்ணனுக்கு.

இன்னொருவருக்குக் கொஞ்சம் தனியாக. "கூடிவிட்டதே என்று தோட்டாவைப் போட்டுவிடாதே" என்று தடுத்தவர் அவர். இந்த ரைபிளின் தோட்டாவில் பழைய வகைக்குக் குண்டின் குறுக்களவு 8.09 மி.மீ. 1905 வாக்கில் வந்த புது வகைக்கு 8.22. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. பழைய குழலில் புதிய குண்டு போனால் அழுத்தம் எகிறிவிடும். மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றைக் குழல் வழியே தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, எங்களுடையது எது என்று எழுதியே கொடுத்துவிட்டார். போல்ட் மூடும்போது தோட்டாவுக்கு விடும் இடம் சரியா என்றும் அளவுக்கட்டை வைத்துப் பார்த்தார். இதற்கு முன் ஓர் இடத்தில் இதெல்லாம் ஒன்றும் பார்க்காமலே "தாராளமாகச் சுடலாம்" என்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பிய்ந்த வாய்த் திருகுக்குப் பதில் புதுசு போட்டுத் தருகிறேன் என்று இரண்டு பேர் கேட்டீர்கள். வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். அப்பா காலிபண்ணிய துளையும் இருக்கட்டும். இரண்டு தலைமுறை அவசரமும் ஒரே இரும்பில் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் வந்த அதே தேதியில், இதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மூட்டப் போகிறேன். முதலில் குட்டி, பிறகு பெரிசு. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. திருப்புளியை அவளிடம் காட்டினேன். திருகின் மேல் வைத்துக் கையை எடுத்துப் பார்த்தாள். நின்றது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

ஐயா, சுவர்க்கடிகாரம் நன்றாக ஓடுகிறது. இரண்டு நிமிஷம் முன்னால்தான் போகிறது. அதற்காக ஒருநாள் வாருங்கள்.