வெள்ளிக்கிழமை அவையில் இருங்கள்: தமிழக எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போன 39 பேருக்கும் மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

வெளியுறவு என்றதும் உங்கள் வாயில் முதலில் வருவது இலங்கைத் தமிழர், மீனவர் கைது, கச்சத்தீவு. மூன்றும் கேட்க வேண்டியவைதான். நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அமெரிக்காவோடு எவ்வளவு நெருங்குவது, ரஷ்யாவை எதுவரை பிடித்துக்கொள்வது, சீனாவிடம் எங்கே இறங்கிப்போவது என்று பேச்சு வந்தால், அது டெல்லிக்காரர்கள் விவகாரம் என்று உங்களில் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். அந்த விவகாரம் முழுக்க உங்கள் தொகுதிகளுக்குள்தான் நடக்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

கூடங்குளத்தில் ஓடுவது ரஷ்ய உலை. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் போட்ட ஒப்பந்தம் அது. சோவியத் யூனியனே காணாமல் போய், 2013-ல்தான் முதல் உலையின் மின்சாரம் வந்தது. ஆவடியில் ரஷ்ய உரிமத்தில் டி-72, டி-90 டாங்கிகள் செய்தார்கள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற காட்டுப்பள்ளிக்கு 2022 ஆகஸ்டில் சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதே மாதம் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்கிறார்கள்: அமெரிக்கப் பெயர், தைவான் கம்பெனி, சீன இயந்திரங்கள், வேலைக்கு நம் ஊர்ப் பெண்கள். மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில் 15.4 சதவீதப் பங்கு ஈரான் அரசுக் கம்பெனிக்கு என்பது அந்தப் பக்கம் தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியாது. உலக அரசியலைப் பார்க்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

இனி திருப்பூருக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. 27-ஆம் தேதி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25. ஆக 50. அந்த நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கு 19. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. சொற்ப லாபத்தில் ஓடுகிற தொழிலில் 30 சதவீத வித்தியாசத்தை எந்தக் கம்பெனியும் தாங்காது. சரக்கை வாங்குகிற அமெரிக்க பையர் முதலில் ஷிப்மென்டை நிறுத்தி வையுங்கள் என்பார். அப்புறம் வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பார். முதலாளி ஒப்புக்கொண்டால் நிட்டிங், சாயம், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க் செய்கிற ஒவ்வொருவரிடமும் ரேட்டைக் குறைப்பார். கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட்டாகும், சில வாரம் அதுவும் இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்கள் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் டெல்லி எடுத்த ஒரு முடிவு வந்து சேரும் இடம் இதுதான்.

அந்த முடிவால் வந்த ஆதாயம் எங்கே போய்ச் சேர்ந்தது? 2022-க்கு முன்னால் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. காரணம், தள்ளுபடி விலை. குஜராத் கடற்கரையில் ஜாம்நகரிலும் வாடினாரிலும் இருக்கிற தனியார் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அது நல்ல காலம். பொதுத்துறை ஆலைகளும் வாங்கின, அவற்றின் நட்டக் கணக்கு சரியானது. பெட்ரோல் பங்கில் நிற்கிறவருக்கு? 2022 மே மாதம் கலால் வரி குறைந்தது. அதன்பின் 2024 மார்ச்சில், தேர்தலுக்கு முன், லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தது. 2025 முடியும்வரை அவ்வளவுதான்.

இதற்கு அரசிடம் பதில் இருக்கிறது, அது மோசமான பதிலும் இல்லை. இவ்வளவு பெரிய வாடிக்கையாளரான இந்தியா மொத்தமாக வளைகுடாப் பக்கம் திரும்பியிருந்தால் உலக விலையே ஏறியிருக்கும், அந்தச் சுமையும் நம் தலையில்தான் விழுந்திருக்கும். என்னைக் கேட்டால் 2022-ல் நானும் வாங்கத்தான் சொல்லியிருப்பேன். யார் பக்கமும் முழுசாகச் சாயாமல் இருப்பது இந்த நாட்டுக்குச் சரியான வழி என்றே நினைக்கிறேன். என் சண்டை முடிவோடு இல்லை. ஆதாயம் ஒரு கரையிலும் நட்டம் வேறொரு கரையிலும் விழப்போகிறது என்றால், அந்தக் கணக்கை முன்கூட்டியே அவையில் வைத்திருக்க வேண்டும். நட்டப்படுகிறவனுக்கு என்ன ஏற்பாடு என்று அப்போதே பேசியிருக்க வேண்டும். நடந்தது என்ன? வரி வந்த பிறகு, அவசரமாக, பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை அந்த ஆண்டு முடியும்வரை ரத்து செய்தார்கள். திருப்பூருக்கு அது கொஞ்சம் உதவியது, பருத்தி விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

கொள்கையில் ஒரே நிதானம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2018 அக்டோபரில், ரஷ்ய ஆயுதம் வாங்குகிறவர்களைத் தண்டிக்கும் அமெரிக்கத் தடைச் சட்டம் தலைக்கு மேல் இருக்கும்போதே, ரஷ்யாவிடம் ஐந்து எஸ்-400 தொகுதிகள் வாங்க 540 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டோம். சபாஷ் என்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், ஈரான் மீதான தடையிலிருந்து நமக்குக் கொடுத்திருந்த விலக்கை அமெரிக்கா நீக்கியதும் ஈரான் எண்ணெயைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டோம். கடன் தவணை கொடுத்து, ரூபாயில் விலை வாங்கிக்கொண்டு எண்ணெய் தந்த நாடு அது. ரஷ்யா விஷயத்தில் முடியும், ஈரான் விஷயத்தில் முடியாது என்றால் காரணம் இருக்கும். ஆயுதம், உதிரிபாகம், ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஒரு வீட்டோ என்று நானே யூகித்துக்கொள்கிறேன். ஆனால் 140 கோடிப் பேர் உள்ள நாட்டின் குடிமகன் இதை யூகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சீனாவும் இதே கதைதான். 2020 ஜூனில் கல்வானில் 20 வீரர்கள் இறந்தார்கள், ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 2024 அக்டோபரில் ரோந்து பற்றி உடன்பாடு, 2025 ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் சீனாவின் தியான்ஜினில். நடுவில் 2024-25-ல் சீனாவோடு வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். 2025 ஏப்ரலில் மின் மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும், ஓசூர் வரை மின்சார ஸ்கூட்டர் செய்கிறவர்கள் கையைப் பிசைந்தார்கள். எல்லையில் என்ன கொடுத்து என்ன வாங்கினோம் என்று முழு விவாதம் எங்கே நடந்தது?

இங்கேதான் உங்கள் வேலை வருகிறது. அரசியல் சட்டப்படி வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது மத்திய அரசின் அதிகாரம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் அதற்கு வேண்டியதில்லை. மத்தியப் பட்டியலின் 14-ஆவது இனத்தை வைத்து, ஒப்பந்தம் எப்படிப் போட வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்யலாம். இத்தனை ஆண்டுகளில் செய்யவில்லை. அரசியல் சட்டத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002-ல் செய்யச் சொன்னது, அறிக்கை அலமாரியில் இருக்கிறது. அமெரிக்காவில் உடன்படிக்கை என்றால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தையே பாருங்கள். ஒரே ஒப்பந்தம், ஒரே கையெழுத்து. அவர்கள் சட்டப்படி அது 21 அமர்வு நாட்கள் அவர்கள் நாடாளுமன்றத்தின் முன் கிடக்க வேண்டும், அவர்களுடைய மக்களவை எதிர்த்துத் தீர்மானமும் போடலாம். நம் பக்கம் அமைச்சரவை தலையாட்டினால் போதும். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நம் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப வழிசெய்த 2016 ஒப்பந்தமும், அதன்பின் 2018, 2020-ல் அமெரிக்காவோடு வந்த ராணுவ ஒப்பந்தங்களும் அப்படித்தான்.

கச்சத்தீவு போனதும் இதே வழியில்தான். 1974 ஜூனில் ஒப்பந்தம். ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அவையில் வந்து அறிக்கை படித்தார். தமிழக எம்.பி.க்கள் இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் கத்தினார்கள், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், இரண்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டதோடு மீன்பிடிக் கதையும் முடிந்தது. ஐம்பது ஆண்டுகளாகத் தீவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது போன வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது, அதைச் சாத்தச் சொல்லி யாரும் விடாப்பிடியாக நிற்கவில்லை.

ஈழப் பிரச்சினையைக்கூட வல்லரசுகளை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவும் ஜெயவர்த்தனேயும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் படித்துப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்தக் கூடாது, எண்ணெய்க் கிடங்குகளை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சீரமைப்பது, அங்கிருக்கும் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் ராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படாமல் பார்த்துக்கொள்வது. தமிழர் உரிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒப்பந்தத்தில் டெல்லியின் ஒரு கண் அமெரிக்கா மேல் இருந்தது.

நீங்கள் நினைத்தால் கொள்கையை அசைக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், 2012-லும் 2013-லும் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்துக்கு இலங்கைக்கு எதிராக இந்தியா வாக்களித்தது தமிழகக் கட்சிகள் கொடுத்த அழுத்தத்தால்தான். பிடி தளர்ந்ததும் 2014-ல் நடுநிலை. 2025 மே மாதம், பாகிஸ்தானோடு நடந்த மோதலுக்குப் பிறகு, உலக நாடுகளுக்கு விளக்கம் சொல்ல அரசு எம்.பி. குழுக்களை அனுப்பியது. கனிமொழி தலைமையில் ஒரு குழு ரஷ்யா வரை போய்வந்தது. ரஷ்யர்களுக்கு விளக்கம் சொல்ல எம்.பி.க்கள் வேண்டும், எம்.பி.க்களுக்கு விளக்கம் சொல்ல அரசுக்கு நேரமில்லை!

கேள்விகளுக்குப் பதில் சொல்ல வெளியுறவு அமைச்சகத்தின் முறை மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் உங்களில் பலருக்கு மனசு காலையிலேயே விமான நிலையத்துக்குப் போய்விடுகிறது. தொகுதியில் கல்யாணம், காதுகுத்து இருக்கும், புரிகிறது. கூட்டத்தொடரில் பாதி வெள்ளிக்கிழமைகளாவது இருங்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகப் போடுங்கள், அதற்குத்தான் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதில்தான் துணைக் கேள்வி கேட்க முடியும். ‘அரசுக்குத் தெரியுமா’ என்று ஆரம்பிக்காதீர்கள். தெரியும் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: ரஷ்ய எண்ணெய்த் தள்ளுபடியால் 2022 முதல் ஆண்டுவாரியாக, நிறுவனவாரியாக மிச்சமான தொகை எவ்வளவு? அமெரிக்க வரியால் மாவட்டவாரியாக இழந்த வேலைகளை அரசு கணக்கெடுத்ததா, எடுத்திருந்தால் எந்தத் தேதியில்? அமைச்சர் ஜெய்சங்கர் தமிழ் தெரிந்தவர்தான். துணைக் கேள்வியைத் தமிழிலேயே கேட்டாலும் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

இன்னொன்று, தனிநபர் மசோதா. எங்கே நிறைவேறப்போகிறது என்பீர்கள். 1970-க்குப் பிறகு ஒன்றும் சட்டமானதில்லை, உண்மை. ஆனால் திருச்சி சிவா திருநர் உரிமைக்காகக் கொண்டுவந்த மசோதாவை 2015-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது. அரசு அதன்பின் சும்மா இருக்க முடியாமல் 2019-ல் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. அது சிவா கேட்ட மாதிரி இல்லை என்பது வேறு விஷயம். அதே வழியில், நிலம், கடல், ராணுவ வசதி, வர்த்தகம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்கள் அமலாகும் முன் இரு அவைகளிலும் இத்தனை நாள் வைக்கப்பட வேண்டும் என்று ஒரு மசோதா எழுதுங்கள். ராணுவ ரகசியம் என்றால் அந்தப் பகுதியை மட்டும் நிலைக்குழுவிடம் மூடிய அறையில் காட்டட்டும். எதிர்க்கட்சி மசோதா என்று தோற்கடிப்பார்கள். தோற்கடிக்கும்போது யார் எழுந்து என்ன காரணம் சொன்னார் என்பது அவைக்குறிப்பில் இருக்கும். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்விகளைப் 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர், திருநெல்வேலி, ராமநாதபுரம், திருவள்ளூர், வட சென்னை எம்.பி.க்கள் முதலில் உட்கார்ந்து பேசிவிட்டு, நீங்கள் போட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் தமிழில் வெளியிடுங்கள். நாங்கள் படிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவன்