பெரிய சர்வருக்கு மாறும் முன் லாகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை குமுளி மலைப்பாதையில் வண்டிகள் மட்டும் திணறுவதில்லை. கம்பம், கூடலூர், குமுளிப் பக்கத்து விடுதி, ஜீப் சவாரி, ஏலக்காய்க் கடை என்று வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளங்களும் திணறுகின்றன. சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரரைக் கேட்டால், 'சிபியு 100 சதவீதம் போகிறது, பெரிய பிளானுக்கு மாறுங்கள்' என்பார். பெரும்பாலும் அது வெட்டிச் செலவு.

முதலில் சர்வரில், எந்த நிரல் சிபியுவைத் தின்கிறது என்று பட்டியலிடும் 'டாப்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை), சிபியுவின் கோர் எண்ணிக்கைக்குள் இருந்தால் பயமில்லை. 2 கோர் சர்வரில் 9 என்று நின்றால் வேலைகள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. பட்டியலின் மேலே மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் நின்றால் தரவுத்தளத்தில் தேடுங்கள். வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி வரிசையாக நின்றால் ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அல்லது பாட் (தானாகத் தளங்களை மேயும் நிரல்) கூட்டம். 'எஸ்டி' என்ற எண் ஏறியிருந்தால் மட்டும் ஹோஸ்டிங்காரரிடமே சண்டை போடலாம்: உங்களுக்குரிய சிபியுவைப் பெரும்பாலும் அதே கணினியிலுள்ள பக்கத்து வாடிக்கையாளர் தின்கிறார்.

அடுத்து ஆக்சஸ் லாக், அதாவது தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேடு. எந்த முகவரிக்கு அதிகக் கோரிக்கை என்று எண்ணினாலே பாதி விடை கிடைக்கும். விடுதித் தளங்களில் அடிக்கடி மாட்டுவது முன்பதிவு நாள்காட்டி. அதிலுள்ள 'அடுத்த மாதம்' என்பதும் ஒரு லிங்க்தான். தேடுபொறி பாட் அதைப் பிடித்துக்கொண்டு மாதம் மாதமாக நடந்து 2090க்கே போய்விடும். ஒவ்வொரு மாதமும் புது முகவரி என்பதால் கேஷ் (முன்பே சேமித்த பக்கத்தை எடுத்துத் தருவது) உதவாது. ஒவ்வொரு முறையும் எல்லா அறைகளின் காலியிடத்தையும் தரவுத்தளம் புதிதாகக் கணக்கிடும். நாள்காட்டியை 12 மாதத்தோடு நிறுத்தி, அந்த முகவரிகளை, பாட்கள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுங்கள். சொல் பேச்சுக் கேட்காத பாட்களுக்கு வெப் சர்வரில் வேக வரம்பு வையுங்கள்.

லாகின் பக்கத்துக்கும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்கும் (வெளி நிரல்கள் வேர்ட்பிரஸோடு பேசும் வாசல்) கோரிக்கை குவிந்தால், வந்திருப்பவை கடவுச்சொல்லை ஊகிக்கும் பாட்கள். இதையும் வெப் சர்வரிலேயே தடுப்பது நல்லது. ப்ளக்இன் தடுத்தால், தடுப்பதற்காகவே வேர்ட்பிரஸ் முழுதும் எழுந்து வர வேண்டும். அந்த வாசல் தேவைப்படும் ஜெட்பேக் ப்ளக்இன் வைத்திருப்பவர்கள் எக்ஸ்எம்எல்-ஆர்பிசியை அடியோடு மூடிவிட வேண்டாம்.

வேர்ட்பிரஸின் க்ரான் (குறித்த நேர வேலைகளை ஓட்டும் வசதி), யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் நேரமாயிற்றா என்று பார்க்கும். கூட்டம் கூடினால் அந்தச் சுமையும் கூடும். கான்ஃபிக் கோப்பில் அதை நிறுத்திவிட்டு, சர்வரின் சொந்த க்ரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடலாம். பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பேக்கப்பும் முன்பதிவு நினைவூட்டல் மெயிலும் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

இனி ப்ளக்இன்கள். 40 இருப்பது மட்டுமே குற்றமில்லை. மோசமான ஒன்று போதும். ஆனாலும் வடிவமைப்பாளர்கள் டீக்கடைக்கும் ரிசார்ட்டுக்கும் ஒரே மூட்டையை அவிழ்த்துப் போடுவதை நிறுத்த வேண்டும். இரண்டு செக்யூரிட்டி, இரண்டு கேஷ், ஒவ்வொரு பார்வையையும் தரவுத்தளத்தில் எழுதும் கவுன்ட்டர் எல்லாம் எதற்கு? 'குவெரி மானிட்டர்' ப்ளக்இன் போட்டால் எந்த ப்ளக்இன் தரவுத்தளத்திடம் எத்தனை கேள்வி கேட்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரியும். 'ஹெல்த் செக்' ப்ளக்இனின் ட்ரபிள்ஷூட்டிங் முறையில் நிறுத்துவது உங்கள் திரைக்கு மட்டுமே. முன்பதிவு செய்ய வந்தவருக்குத் தளம் வழக்கம்போல் ஓடும். பாதியை நிறுத்துங்கள், பக்கம் வேகமெடுத்தால் குற்றவாளி அந்தப் பாதியில்.

நீக்கிய ப்ளக்இன்களும் தரவுத்தளத்தில் அமைப்புகள் இருக்கும் ஆப்ஷன்ஸ் டேபிளில் குப்பை விட்டுப்போகும். ஆட்டோலோட் குறியோடு இருந்தால் அது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறும். 2024இல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்து, இப்படி ஏறுவதன் மொத்த அளவு 800 கேபியைத் தாண்டினால் வேர்ட்பிரஸின் 'சைட் ஹெல்த்' பக்கமே எச்சரிக்கிறது. பழைய குறிப்புகள் சொல்வதுபோல் ஆட்டோலோட் குறியில் 'யெஸ்' என்று மட்டும் தேடினால் புதிய 'ஆன்', 'ஆட்டோ' மதிப்புகள் தப்பிவிடும்.

இவற்றை ஐப்பசியிலேயே, பேக்கப் எடுத்து, தளத்தின் நகலில் செய்து பார்த்துவிடுங்கள். சீசன் நடுவில் செய்யலாம் என்றால் பாட்களைத் தடுப்பது மட்டும்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர்கள்,
கம்பம்