கறுத்த பால்பல்லைப் பற்றி செல்விக்கு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள செல்வி,

இங்கு அனைவரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள். உன் பேரனின் முன்பல் அடிபட்டுக் கறுத்துவிட்டதென்றும், அதைப் பிடுங்கிவிட நீங்கள் முடிவு செய்திருப்பதாகவும் கோமதி சொன்னாள். அவசரப்படாதே.

எங்கள் இனியாவும் திண்ணைப் படியில் தடுக்கி விழுந்தாள். ஈறோரம் ரத்தம் கசிந்தது, பல் லேசாக ஆடியது. மறுநாளே முறுக்கு கேட்டு அடம்பிடித்தாள். சில வாரங்களில் அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமானது. "விழப்போகிற பல்தானே" என்றார்கள் சிலர். "செத்த பல், எடுத்துவிடு" என்றார்கள் மற்றவர்கள். இரண்டுமே தவறு என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

பல்லின் நடுவே இருக்கும் மென்மையான திசுவான பற்கூழுக்கு வேர்நுனியின் சிறு துளை வழியாகத்தான் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்கின்றன. அடிபடும்போது அக்குழாய்கள் கிழிந்தால், உள்ளே கசியும் ரத்தம் பல்லின் நுண்குழல்களில் ஊறி, சிதைந்து, நிறத்தை மாற்றுகிறது. ஆகவே நிறம் மாறியதாலேயே பல் செத்துவிட்டதாகாது. சில பிள்ளைகளுக்கு அந்தக் கருமை தானாகவே வெளுக்கும். வேறு சிலருக்குப் பற்கூழ் தன் அறையைத் தானே கடினத் திசுவால் அடைத்துக்கொள்ள, பல் மஞ்சளாகும். அதற்கும் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

அஞ்ச வேண்டியது பற்கூழ் அழுகிக் கிருமி சேர்வதற்குத்தான். பல்லுக்கு மேலே ஈறில் பரு போன்ற சீழ்க்கட்டி, வீக்கம், வலி, நின்றுபோன ஆட்டம் மீண்டும் தொடங்குவது ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. பால்பல் வேர்நுனியை ஒட்டியே நிலைப்பல்லின் முளை வளர்வதால், அடியோ சீழோ அதைத் தாக்கினால், 6 முதல் 8 வயதுக்குள் முளைக்கும் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகள் இருக்கலாம். வேரோடு விழுந்துவிட்ட பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாதென்பதும் இந்த முளையைக் காக்கத்தான்.

தினமும் இரவில் மென்மையான பிரஷ்ஷால் துலக்கும்போது, பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார். பல்லில் உணர்வு இருக்கிறதா என்று குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனை சிறு பிள்ளைகளிடம் நம்பகமானதன்று. ஆகவே கண்ணும் எக்ஸ்ரேயும்தான் துணை. இனியாவின் பல் சற்று வெளுத்திருக்கிறது, கட்டி ஏதுமில்லை. உன் பேரனுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
வசந்தா