சுட வைத்தாலும் சரியாகாத சோறு

ஆசிரியருக்கு,

மீந்த சாப்பாட்டைப் பற்றி சென்ற வாரம் வந்த கட்டுரையில், 'நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும், கிருமியெல்லாம் செத்துவிடும்' என்றொரு வரி இருந்தது. சோற்று விஷயத்தில் அதை நம்ப முடியாது.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு 11 வருஷம் போனவள் நான். விடியும் முன்னே ஜீப் வந்துவிடும். மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து, ஆவி பறக்கத் தூக்குச்சட்டியில் அமுக்கி மூடுவோம். சாப்பிட மதியம் ஒரு மணி ஆகும். மலைக்குளிரில் சோறு கெடாது என்று நினைப்பு. அமுக்கி மூடிய சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் எங்களோடு சாப்பிட்ட அக்கா ஒருவர் இரண்டு மணி நேரத்தில் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டார். கங்காணி 'பித்தம்' என்றார். சோறு ஊசவில்லை, நூல் விடவில்லை, வாடைகூட இல்லை.

நர்ஸாக இருக்கும் என் மகள் அப்புறம் விளக்கினாள். பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்குமாம். உலையில் கொதித்தாலும் சாகாது. சூடு தணிந்ததும் முளைத்துப் பெருகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டானால், ஏழே மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அது சோற்றில் விடும் நஞ்சு ஒன்று 121 டிகிரி சூட்டையும் தாங்கும். நம் அடுப்பில் தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். பாக்டீரியா செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். அன்று அக்காவைப் படுத்தியது அதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கதை பொருந்துகிறது.

எங்கள் அம்மா காலத்தில் கொண்டுபோனது பழைய சோறு. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்ததில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றும். அந்தப் புளிப்பில் மற்றவை எளிதில் தலையெடுக்காது. புளிச்சோறு கட்டுச்சோறானதும் இதனால்தான்.

சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கட்டலாம்தான். ஜீப்காரர் ஹாரன் அடிக்கும்போது யார் ஆறவிடுவது?

அந்த வரியை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். ஜீப்பில் ஏறுகிறவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள், பெரும்பாலும் வடை மடித்த தாளாக வந்த பிறகு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கம்பம்