இன்னும் மூன்று பம்புகள் பாக்கி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தும் பம்புகள் 8 வேண்டும். 5-க்குப் பணம் சேர்ந்துவிட்டது, 3 பாக்கி. வருகிற 30-ஆம் தேதிக்குள் முழுத்தொகை கட்டினால்தான் பேசிய விலைக்குக் கிடைக்கும்.

"அதான் குளுக்கோஸ் ஏறுதே, போதாதா?" என்று வெளியே காத்திருப்பவர்கள் கேட்பதுண்டு. நாங்களும் அப்படிக் கேட்டவர்கள்தான். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டர் முழுதும் இறங்கினாலும் 200 கலோரிகூடத் தேறாது. புரதம் துளியும் கிடையாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு, முதல் சில நாள் கண்டம் தாண்டியபின், நாளுக்குச் சுமார் 1,500 கலோரியும் 70, 80 கிராம் புரதமும் தேவைப்படும். அது கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், வென்டிலேட்டரில் கிடந்த தன் அப்பாவின் தொடையைப் பத்தாம் நாள் போர்வைக்கு மேலே தடவிப் பார்த்தார். எலும்புதான் கையில் தட்டியது.

இந்தக் குழு பிறந்தது அன்றைக்குத்தான். ஆரம்பித்த நான்கு பெரியவர்களும் நோயாளிகளின் உறவினர்கள். அவர்கள் பொறுப்பில் இருந்தவரை ஊட்டச்சத்து மாவு தீர்ந்துவிட்டது என்ற பேச்சே எழுந்ததில்லை. இதை அவர்களே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதானே.

பம்பு எதற்கு? இப்போது செவிலியர் சிரிஞ்சில் ஊற்றுகிறார். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைத்தாலும், மொத்தமாக உள்ளே போவதைச் சில வயிறுகள் ஏற்பதில்லை. எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வேகமாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்கிற உப்பு சரிந்து இதயமே தடுமாறலாம். பம்பு என்றால் மணிக்கு 20 மில்லி என்று தொடங்கி மெல்ல ஏற்றலாம். பம்பு வந்தால் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்காகக் கொடுக்க முடியும், அவ்வளவுதான்.

முதல் 5 பம்புகளுக்குக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கைகூப்பிய நன்றி. மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்ததில் ஒரு பங்கைத் தந்தவர், உண்டியலை அப்படியே கொண்டுவந்து கொட்டிய பள்ளிப் பிள்ளைகள், அம்மாவை இதே பிரிவில் பறிகொடுத்தும் மாதம் தவறாமல் அனுப்புகிற அண்ணன், தங்கை இருவர். உங்கள் குடும்பங்களை ஆண்டவன் நன்றாக வைக்கட்டும்.

அப்புறம், போன கூட்டத்தில் கைதூக்கியவர்களில் 11 பேரிடமிருந்து இன்னும் பணம் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், அவரவருக்கே தெரியும். வாயால் கொடுத்ததை வைத்து ஆர்டர் போட முடியாது. பசித்தவருக்குக் கொடுப்பது புண்ணியம் என்பார்கள். இங்கே படுத்திருப்பவரால் பசிக்கிறது என்று சொல்லக்கூட முடியாது.

பெரிய தொகை முடியாதவர்கள் பம்பில் மாட்டும் குழாய் செட் ஒன்றுக்குக் கொடுங்கள். அதை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எத்தனை வந்தாலும் செலவாகிவிடும். பொருளாளரிடம் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து உதவிக் குழுவினர்