மூடிய அறையில் கரிச்சட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கி மின்சாரம் நின்றபோது, வெயிலுக்கே பழகியிருந்த மக்களில் சிலர், வீட்டுக்குள் கரி மூட்டியும் மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டும் குளிர்காய முயன்று, கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தனர். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள எங்கள் ஏற்காட்டில் அத்தகைய குளிர் இல்லைதான். ஆயினும் மார்கழி இரவுகளில், தகரக் கூரையின் கீழ் வாழும் காப்பித் தோட்டத் தொழிலாளர் சிலர் சன்னலை அடைத்துவிட்டுக் கரிச்சட்டியை அருகில் வைத்துத் தூங்குவதைப் பார்க்கிறேன். (சிறுவயதில் எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான்.) கரி எரியும்போது வரும் அந்தக் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்காலம் முடியுமுன் இக்குடியிருப்புகளுக்குக் கம்பளி வழங்கவும், படுக்குமுன் சட்டியை வெளியே வைக்குமாறு கிராம சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகச் சொல்லவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், ஏற்காடு