சுவிட்சர்லாந்து கிளம்புகிறவர்களுக்கு, பெட்டி கட்டும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போகிறவர்களிடமிருந்து தினமும் போன் வருகிறது. முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "சாப்பாட்டுக்கு என்னென்ன கட்டிக்கலாம்?" எங்களுக்கோ, "பெட்டி என்ன கனம்?" என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றுகிறது. அங்கே ஸ்டேஷனில் போர்ட்டர் கிடையாது. வண்டி மாற ஐந்து நிமிஷம், சில இடங்களில் அதுவும் இல்லை. உங்கள் பெட்டியை நீங்கள்தான் தூக்கி ஏற்ற வேண்டும்.

முன்பு ஒரு முறை எங்கள் மூலம் போன குடும்பம் இண்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனில் லாட்டர்புருனன் வண்டி ஏறியது. நான்கு பெரிய பெட்டிகள், ஒன்றில் குக்கரும் பத்து கிலோ அரிசியும். பக்கத்தில் இருந்த ரயில் பெட்டியில் அம்மாவும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். சாமான்களோடு அப்பா கடைசி நிமிஷத்தில் நாலு ரயில் பெட்டி தள்ளி ஏறினார். அந்த வண்டி ட்ஸ்வைலூச்சினன் என்ற சின்ன ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருனனுக்கு, மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கு. அப்பாவும் அரிசியும் கிரிண்டெல்வால்டு போய்ச் சேர்ந்தார்கள். எல்லோருடைய ரயில் பாஸும் அவர் போனில்! இதை முன்பே சொல்லாதது எங்கள் தப்பு. அதனால் இப்போது எல்லோருக்கும் சொல்கிறோம்: பிளாட்பாரப் பலகையிலும் வண்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப் பெயர் பார்த்து ஏறுங்கள். பாஸ் அவரவர் போனில் இருக்கட்டும், கூடவே காகிதத்தில் ஒரு பிரதியும்.

இனி சாப்பாட்டு விஷயம். நெய், பால்கோவா, அது போன்ற பால் இனிப்புகள், இறைச்சி எதுவும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகக் கூடாது. சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்கூடைதான், அபராதமும் வரலாம். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய், எலுமிச்சையும் அப்படியே. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், வற்றல் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக சீல் செய்து, செக்-இன் பெட்டியில். அரிசியைத் தூக்கிப்போய்ச் சேர்க்க வேண்டாம். எண்பதுகளிலிருந்து ஈழத் தமிழர்கள் குடியேறிய நாடு அது. சூரிச், பெர்ன் போன்ற ஊர்களில் அவர்கள் நடத்தும் கடைகளில் பொன்னி முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஹோட்டல் அறையில் தாளிக்காதீர்கள். புகை அலாரம் அலறினால் கட்டடமே வெளியே வந்து நிற்கும். சமைத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்குச் சமையலறை உள்ள வீடாகப் பார்த்துத் தருகிறோம், இப்போதே சொல்லுங்கள்.

தண்ணீர் காசு கொடுத்து வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரே குடிதண்ணீர். சூரிச்சில் மட்டும் 1,200-க்கும் மேல் தெருவோர நீரூற்றுகள் இருக்கின்றன. ஆளுக்கொரு காலி பாட்டில் போதும். 'கைன் டிரிங்க்வாஸர்' (குடிதண்ணீர் அல்ல) என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது பிளக். கடையில் 'யூரோப் அடாப்டர்' என்று கொடுப்பது பெரும்பாலும் ஜெர்மனி, பிரான்ஸுக்கானது. தடித்த இரண்டு கம்பி, உருண்டைத் தலை. சுவிஸ் சுவரில் இருப்பது அறுகோணப் பள்ளத்துக்குள் மூன்று துளை. உருண்டைத் தலை அந்தப் பள்ளத்துக்குள் நுழையவே நுழையாது. மெல்லிய இரண்டு கம்பி உள்ள போன் சார்ஜர் அப்படியே பொருந்தும். லேப்டாப்பின் மூன்று கம்பிக்குத்தான் 'ஜே' வகை அடாப்டர் வேண்டும். வோல்டேஜ் நம்மூர் மாதிரியே 230.

சுவிட்சர்லாந்து ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இந்த ஒரு விஷயம் இரண்டு இடத்தில் காலை வாரும். முதலாவது சிம்: ஐரோப்பிய பேக் என்று வாங்கியதில் சுவிட்சர்லாந்து விட்டுப்போயிருக்கலாம், பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது பணம். அங்கே பிராங்க்தான். யூரோவைச் சில கடைகளில் வாங்குவார்கள், மீதியைப் பிராங்காகத் தருவார்கள், கணக்கு உங்களுக்கு நஷ்டமாகத்தான் இருக்கும். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு) பிராங்காகவே ஏற்றுங்கள். வங்கி கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்து வையுங்கள். மெஷின் 'ரூபாயா, பிராங்கா?' என்று கேட்டால் பிராங்க் என்றே அழுத்துங்கள். ஸ்டேஷன் கழிப்பறைக்குச் சில்லறை கையில் இருக்கட்டும்.

விசா வந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். மற்றவர்களுக்கு: பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. நாடு திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்ல வேண்டும். விண்ணப்பம் ஆறு மாதம் முன்பே போடலாம். 15 நாள் பாக்கி இருக்கும்போது வந்து நின்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் காப்பீட்டில் மறைக்காதீர்கள். மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன், விமான நிலையக் கடைகள் தவிரப் பெரும்பாலும் எல்லாம் அடைத்திருக்கும், மருந்துக்கடையும் சேர்த்து. ஆம்புலன்ஸுக்கு 144, எதற்கும் 112.

ரயிலிலேயே ஏறிப்போகும் பனிமலை யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். மே, ஜூனிலும் உறைபனிக் குளிர்தான். ஒரே தடித்த கோட்டை விட, உள்ளே தெர்மல், நடுவே ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கிப் போடுவது மேல், கனமும் குறையும். மூச்சு வாங்கினால் மெதுவாக நடங்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே ஏறவும். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் மேலே வரை இலவசம் என்று நினைக்காதீர்கள். கிரிண்டெல்வால்டு அல்லது வெங்கன் வரைதான், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி. அந்த டிக்கெட்டை நாங்கள் முன்கூட்டியே போடுவதில்லை. காலையில் எழுந்து சிகரத்து வெப்கேமராவைப் பாருங்கள். வெள்ளையாக மூடியிருந்தால் அன்று ஏரியில் படகு சவாரி போங்கள், மலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் பயணப் பேப்பர்களை வாங்க வரும்போது, கட்டிய பெட்டியையும் எடுத்து வாருங்கள். எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. யாரும் கை கொடுக்காமல் நீங்களே மேலே கொண்டுவந்துவிட்டால் போதும், எடை பார்க்க மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகம்